ஈரச் சாக்கும் மஞ்சள் காரும்

போன மாதம் ஒரு மதியம், காரவள்ளியிலிருந்து மலையேறிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன். நாற்பத்து எத்தனையாவதோ வளைவில் பஸ் நின்றது. சாலை போடுகிறவர்கள் தார் டின்னுக்கு அடியில் தீ மூட்டியிருந்தார்கள். விறகு நனைந்திருந்ததோ என்னவோ, பழைய சணல் சாக்கு ஒன்றை எண்ணெயில் முக்கி உள்ளே திணித்திருந்தார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அறைந்தது. அறைந்தது என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அடிக்குப் பயந்தவன் மாதிரி நான் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் மலை மேல் வளப்பூர் நாட்டு அம்மாள் ஒருவர், காலடியில் பலாப்பழத்தை உருளாமல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க, கெறக்கமா இருக்குதுங்களா? எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறேன், மோந்து பாருங்க" என்றார். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலை. ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு எலுமிச்சை தேவைப்படும். வாங்கி மோந்து பார்த்தேன். எண்ணெய் ஊறிய சணல் கருகுகிற வாடை ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் இருபது வருஷமானாலும் இறங்காது என்பதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? பழத்தைத் திருப்பிக் கொடுத்து, "இப்பத் தேவலைங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாடை முதலில் ஏறியபோது எனக்கு இருபத்தாறு வயது. மலையடிவாரத்தில் லாரிகளுக்குக் கேபின் கட்டும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். எங்கள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒன்று லாரி மேல் விழும், இல்லாவிட்டால் லாரி டிரைவர் மேல் விழும். இரண்டில் எதன் மேல் விழுந்தாலும் சண்டை நிச்சயம்.

இப்போது லாரி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அன்றைய லாரியில் இன்ஜினில் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும். டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவில் தகர மூடி போட்ட ஒரு மேடு. இன்ஜின் பெட்டி என்போம். சித்திரை வெயிலில் சரக்கேற்றிக்கொண்டு நாலு மணி நேரம் ஓட்டினால் டிரைவரின் இடது தொடை வெந்துவிடும். அதற்கு எங்கள் பக்கத்து வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சணல் சாக்கைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, இன்ஜின் பெட்டி மேல் விரிப்பது. காய்ந்தால் மறுபடியும் நனைப்பது. ஆவி பறக்கும், ஈரநாற்றம் அடிக்கும், ஆனால் கால் பிழைக்கும். சாக்கு இல்லாமல் வண்டி எடுக்கிற டிரைவரை நான் பார்த்ததில்லை. பட்டறையிலிருந்து புது கேபின் வெளியே போகும்போது கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கடைசியில் ஒரு சாக்கையும் மடித்துக் கொடுத்து அனுப்புவோம்.

சூடு காலோடு நின்றால் பரவாயில்லை. தலைக்கு ஏறும். கேபினை விட்டு இறங்குகிறவன் இறங்கும்போதே யாரையாவது அடிக்கத் தேடிக்கொண்டுதான் இறங்குவான். தேநீரில் சர்க்கரை குறைந்ததற்காகக் கடைக்காரர் மேல் டம்ளரை வீசியவர்களை எனக்குத் தெரியும். சரி, ஒளிப்பானேன், வீசியவர்களில் நானும் ஒருவன். எனக்குக் கேபின் சூடுகூடத் தேவைப்படவில்லை. கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். ஆணி வளைந்தால் சுத்தியலை எறிவேன், அது யார் மேல் பட்டாலும் அவர்கள் அங்கே நின்றது தப்பு. "கோபம் இருக்கற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்று என் அம்மா ஊரெல்லாம் எனக்காக வாதாடுவார். அதை நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

செங்கோடனும் நானும் பழக்கமானதே அடிதடியில்தான். மலை மேல் குண்டூர் நாட்டுக்காரன், என் வயதுதான், மலையை விட்டு இறங்கி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். சூடு தடுக்க நான் அடித்துக் கொடுத்த ஃபெல்ட் விரிப்பு பிய்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு நாள் பட்டறைக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பிய்ந்த துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, "இதைய அடிச்ச கேனையன் எவன்?" என்றான்.

"நாந்தாண்டா" என்று சொல்லிக்கொண்டே மரச்சுத்தியலால் அவன் தோளில் ஒன்று போட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. தலையால் என் வாயில் முட்டினான். என் முன்பல் ஒன்று மரத்தூளில் போய் விழுந்தது. புரண்டோம், கடித்தோம், வெல்டிங் பண்ணுகிறவர் நாய்ச் சண்டையை விலக்குவது மாதிரி எங்கள் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். நனைந்துபோய் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவன்தான் என் பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தான். "இந்தா மாப்ள, கூரை மேல வீசு, புதுசு மொளைக்கும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளைதான். நான் அடித்தால் அவன் திருப்பி அடிப்பான், அவன் அடித்தால் நான் திருப்பி அடிப்பேன், அத்தோடு முடிந்தது. மனதில் எதுவும் தங்காது. அப்படி ஒரு சிநேகம் இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை.

பிறகு அவன் லாரியை விட்டுவிட்டு மலையிலேயே ஒரு தோட்டத்துக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தான். மிளகும் காப்பியும் விளைகிற பெரிய தோட்டம். அந்த மனிதருக்கு அடிக்கிற கை என்று ஊரில் பெயர். கூலிக்காரர், மேஸ்திரி, வண்டிக்காரர் என்று பார்க்க மாட்டார். செங்கோடனிடம் சொன்னேன், "அவங்கிட்டப் போயி அடி வாங்கறதுக்கு லாரியே தேவலை." அவன் சொன்னான், "ஒம்பது வருசம் ரோட்டுலயே படுத்தாச்சு மாப்ள. இப்பத்தான் பொழுதோட ஊடு வந்து சேர்றேன். பொண்டாட்டி மூஞ்சிய வெளிச்சத்துல பாக்கறேன். அதுக்கு நாலு அடி வாங்கலாம்."

மஞ்சள் கார் வந்தது அந்த வருஷம்தான்.

அதை முதன்முதலில் பட்டறை வாசலில் பார்த்தபோது அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தோம். நின்று பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும், அவ்வளவு தாழ்வு. இரண்டே இருக்கை. நல்ல மாம்பழ மஞ்சள். எங்கேயோ வெளிதேசத்தில் செய்து, கப்பலில் வந்து, பட்டணத்தில் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் தோட்டத்துக்காரரிடம் வந்திருந்தது. நேர் ரோட்டில் அம்பாகப் பறக்க வேண்டிய ஸ்போர்ட்ஸ் கார், எங்கள் மலையில் இரண்டாவது கியரில் ஏறி இரண்டாவது கியரில் இறங்கியது. மலைக்காரர்கள் அதற்குப் பல்லி என்று பெயர் வைத்தார்கள்.

பல்லிக்கு ஒரு சீக்கு இருந்தது. உள்ளே உட்கார முடியாது. கால் வைக்கும் இடத்தில் அனல். ஏ.சி. போட்டால் மேலே குளிரும், கீழே வேகும். தோட்டத்துக்காரர் இறங்கி நின்று வேட்டியை உதறிக்கொண்டு, "அடுப்புக்குள்ள உக்காந்தாப்புல இருக்குது. ஒரு வாரத்துல இந்தச் சூட்டை நிறுத்தோணும்" என்றார். என்னைப் பார்த்து அல்ல, செங்கோடனைப் பார்த்து. "நிறுத்தலீன்னா நீ மறுக்கா லாரிக்கே ஓடிரு நாயி."

அவர் போனதும் செங்கோடன் காலைத் தூக்கி என் மடியில் வைத்தான். மலை டிரைவர்கள் பலரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார்கள். வண்டியும் சாமிதான் அவர்களுக்கு. இடது பாதத்தின் பக்கவாட்டில் கட்டைவிரலிலிருந்து குதிகால் வரை கொப்புளம் கொப்புளமாக எழுந்து சில உடைந்திருந்தன. பக்கத்தில் உட்காருகிற முதலாளி சூடு தாங்காவிட்டால் காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் மிதிக்கிறவன் காலை எங்கே வைப்பான்? "எப்படியாச்சும் பண்ணிரு மாப்ள" என்றான். கெஞ்சுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அன்றைக்குக் கெஞ்சினான்.

எனக்கு லாரி தெரியும். கார் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற வாய் எனக்குப் பிறவியிலேயே இல்லை.

இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு. அதில் ஒயர் போகவும் கம்பி போகவும் விட்டிருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தேன். கால் வைக்கும் இடத்தில் ஃபெல்ட் ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தார்கள், அனல் குறையவில்லை. தோட்டத்துக்காரர் பட்டறை ஸ்டூலை எட்டி உதைத்தார், அது போய்ப் பெயின்ட் டப்பாக்களைச் சாய்த்தது. அடுத்து அலுமினியத் தகடு வெட்டி, புகைக்குழாய்க்கும் தரைக்கும் நடுவில் முடுக்கினேன். அதற்கும் அசையவில்லை. இந்தத் தடவை ஸ்டூல் தப்பித்தது. செங்கோடன் கன்னத்தில் பளீரென்று விழுந்தது. பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வேலை வந்துவிட்டது.

இன்ஜின் பக்கமிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அந்தத் தகரச் சுவருக்குள் நுழைந்தன. தொட்டால் கை சுட்டது. ஏ.சி.க்குப் போகிற குழாயாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, அவற்றுக்கும் பக்குவமாகத் துணி சுற்றிக் கம்பி கட்டினேன். குழந்தைக்குக் கட்டுப் போடுவது மாதிரி கட்டினேன். செங்கோடன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, இந்த வண்டி செஞ்ச தேசத்துல கூதல் அதிகமாமே."

"இருக்கட்டும்."

"நாங்க மார்கழில அடுப்பைச் சுத்தி உக்காந்துக்குவோம். அவீங்க வண்டில போறப்ப என்ன பண்ணுவாங்க?"

"கம்பளி போத்திக்குவாங்க. வாய மூடிக்கிட்டு வெளிச்சத்தக் காட்றா."

"இல்ல மாப்ள, வண்டிக்குள்ளயே ஒரு அடுப்பு..."

கையிலிருந்த இடுக்கியால் அவன் முழங்கையில் ஒன்று வைத்தேன். டார்ச் விழுந்து உடைந்தது. அவன் என் இடுப்பில் உதைத்தான், நான் ரேடியேட்டரில் போய் இடித்துக்கொண்டேன். வழக்கம்போல முடிந்தது. எங்கள் ஊரில் வண்டிக்குள் சூட்டை ஒருவன் வேண்டுமென்றே வைப்பான் என்று யார் நினைப்பார்கள்? நாங்கள் பிறந்ததிலிருந்து சூட்டை வெளியே தள்ளுவதற்காகவே அடிபட்டவர்கள்.

ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தன்னோடு மலையேறி வர வேண்டுமென்றும், அன்றைக்கும் சூடு அடித்தால் அன்றே செங்கோடனை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவும் தோட்டத்துக்காரர் சொல்லிவிட்டார். என் மூளையில் கடைசியாக மிஞ்சியது எங்கள் குலவைத்தியம்தான். சாக்கு. காருக்குள்ளே விரிக்க இடமில்லை, முதலாளியின் தோல் இருக்கையும் மெத்தைத் தரையும் நனையக் கூடாது. அதனால் காலையில் யாரும் வருவதற்கு முன்பே இரண்டு சாக்கை நன்றாக ஊறவைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் திணித்தேன். லாரியில் சாக்கு மூடிக்கு மேலே கிடக்கும், நெருப்போடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. இங்கே பழுக்கக் காய்கிற புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி வைக்கிறோம் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. பட்டறைச் சாக்கு வேறு, ஒவ்வொன்றும் நாலு வருஷத்து எண்ணெயைக் குடித்தது. செங்கோடனிடம் சொன்னேன். "காஞ்சு போச்சுன்னா?" என்றான். "ஏறி முடிக்கறவரைக்கும் காயாது" என்றேன். "செரி, நீ சொன்னா செரி."

நான் என் பைக்கில், பின்சீட்டில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். முதல் இருபது வளைவு நன்றாகப் போயிற்று. கண்ணாடி வழியாகத் தோட்டத்துக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஊர் திரும்பியதும் யார் யாரிடம் பீற்றிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். முப்பதுக்கு மேல் பானெட் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கசிந்தது. ஆவிதான் என்று நினைத்தேன். நாற்பத்தொன்றில் அது பழுப்பாகிவிட்டது. வாடை வந்தது.

நாற்பத்துமூன்றாவது வளைவில் பானெட் இடுக்கிலிருந்து தீ நாக்கு நீட்டியது. செங்கோடன் வண்டியைச் சுவரோரமாக ஒடித்து நிறுத்தினான். முதலாளி பக்கத்துக் கதவு தடுப்புச் சுவரில் இடித்துக்கொண்டு திறக்கவில்லை. உள்ளே புகை. அவர் கதவைக் கையால் குத்திக்கொண்டு கத்தினார். செங்கோடன் தன் பக்கம் இறங்கி, உள்ளே பாய்ந்து, அவரைச் சட்டைக் காலரோடு பிடித்து, கியர் கம்பிக்கு மேலேயே இழுத்து, மூட்டையை எறிவது மாதிரி ரோட்டில் எறிந்தான். அப்புறம் பானெட்டைத் தூக்கினான். எரிகிற சாக்கு இரண்டையும் வெறுங்கையால் பிடுங்கி எடுத்துப் பள்ளத்தில் வீசினான். நான் அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு ஓடினேன். மண்ணை அள்ளி அள்ளி இன்ஜின் மேல் போட்டோம். அணைந்துவிட்டது. அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது.

ரோட்டில் கிடந்தவர் எழுந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, வேட்டி கிழிந்திருந்தது. உயிர் பிழைத்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மஞ்சள் பெயின்ட் பொங்கிக் கறுத்திருந்ததைப் பார்த்தார். ரோட்டோரம் விழுந்து புகைந்துகொண்டிருந்த ஒரு சாக்குத் துண்டைப் பார்த்தார்.

"எவன்டா இதைய உள்ள வெச்சவன்?"

செங்கோடன் என்னைப் பார்த்தான். சும்மா ஒரு பார்வை. நீ சொல்கிறாயா என்று கேட்கிற பார்வை. நான் குனிந்துகொண்டேன். என் கையில் பதினாறாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது, பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்றுகூடத் தெரியாது.

"நாந்தானுங்க" என்றான் அவன். "லாரில வெக்கற பழக்கமுங்க."

முதல் அடி இடது காதில். உள்ளங்கையைக் குழித்து, முழுக்கையையும் வீசி அடித்த அடி. செங்கோடன் தடுப்புச் சுவரில் போய்த் தலை மோதி உட்கார்ந்தான். கை இரண்டும் வெந்திருந்ததால் ஊன்றி எழ முடியவில்லை. விழுந்தவனை அவர் உதைத்தார். மறுபடியும் அதே காதில் அடித்தார். காதிலிருந்து ரத்தம் ஒரு கோடாகக் கழுத்துக்கு இறங்கியது. சர்க்கரை குறைந்ததற்கு டம்ளர் வீசியவன், வளைந்த ஆணிக்குச் சுத்தியல் எறிந்தவன், ஊரில் பேர்போன கோபக்காரன், ஸ்பேனரோடு மூன்றடி தள்ளி நின்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓய்ந்ததும் தோட்டத்துக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம், "தண்ணி இருக்குதா?" என்று கேட்டார். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கொடுத்தேன்.

எளியாரை வலியார் அடித்தால் வலியாரைத் தெய்வம் அடிக்கும் என்பார்கள். பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தவனை யார் அடிப்பது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டுவந்து பட்டறையில் விட்டார்கள். கருகிய ஒயரை மாற்ற முன்பலகையைக் கழற்றினேன். உள்ளே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு சின்ன ரேடியேட்டர் இருந்தது. நான் துணி சுற்றிய அந்த இரண்டு குழாய்களும் அதற்குத்தான் வந்து சேர்ந்தன. இன்ஜினில் கொதிக்கிற தண்ணீர் அதன் வழியாகச் சுற்றி, காற்றைச் சூடாக்கி, நேராகக் காலுக்கு அனுப்புகிறது. குழாயில் ஒரு திருகு. அதைத் திறந்து மூடுகிற கம்பி அறுந்து, திருகு திறந்தபடியே நின்றுவிட்டிருந்தது. குளிர்தேசத்துக்காரன் காருக்குள் வைத்த அடுப்பு. செங்கோடன் சொல்ல வாயெடுத்து, நான் இடுக்கியால் அடித்து நிறுத்திய அதே அடுப்பு. அதே இடுக்கியால் பிடித்துக் கால் சுற்றுத் திருகினேன். மூடிக்கொண்டது. இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாதத்தை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அன்று மாலையே மலைக்குப் போனேன். தோட்டத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சாக்கை வெச்சது நாந்தானுங்க, அவன் வேண்டாம்னுதான் நெனச்சானுங்க. இரண்டே வாக்கியம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சூடு நின்றுவிட்டது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "நீதான்டா வேலைக்காரன். அந்தக் காட்டானை நம்பி வண்டியவே கொளுத்தியிருப்பேன்" என்று சொல்லி, உள்ளே திரும்பிக் காப்பி கொண்டுவரச் சொன்னார். காப்பி வந்தது. அவர்கள் தோட்டத்துக் காப்பி, நல்ல மணம். குடித்துவிட்டு, "வாரேனுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாக்கியமும் வாய்க்குள்ளேயே இருந்தன.

செங்கோடன் வீட்டுக்குப் போக இரண்டு மாதமாயிற்று. அதற்குள் கை ஆறியிருந்தது, வேலை போயிருந்தது. அவன் மனைவிதான் முதலில் பார்த்தார். "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முதுகைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் செங்கோடனிடம் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். "நான் சொன்னனல்ல" என்று சிரித்தான். "அடிடா என்னைய" என்றேன். அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "உடு மாப்ள. கை இன்னும் மடங்கல" என்றான். அவன் திருப்பி அடிக்காத ஒரே தடவை அதுதான்.

மலை மேல் செம்மேட்டில் ஒருவர் ஜீப்புக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் பேசி ஏற்பாடு செய்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மலையிலிருந்து இறங்கினோம். பழைய கை, பழைய கால், ஜீப் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நான் மூச்சு விட்டுக்கொண்டேன். ஒரு வளைவுக்கு முன்னால் பஸ் ஹாரன் கேட்டது. செங்கோடன் பிரேக்கை மிதித்து நின்றுவிட்டான். இந்த மலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று காதுதான் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஒதுங்குவதா போவதா என்று முடிவு செய்வார்கள்.

அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். பிறகு என்னைக் கேட்டான்.

"மேலயா, கீழயா?"

"கீழ" என்றேன்.

பஸ் கீழேயிருந்து ஏறி எங்களைக் கடந்து போயிற்று. அவன் இன்ஜினை அணைத்தான். "சத்தம் கேக்குது மாப்ள. எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்றான். ஒரு காது செத்துப்போனால் அப்படித்தானாம், பிற்பாடு டாக்டர் சொன்னார். இறங்கி, இருக்கைக்கு அடியில் கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஊர்ப்பக்கமாக நடந்தான். அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. மரவள்ளி வைத்தான், மிளகுக்கொடி ஏற்றினான், பிழைத்துக்கொண்டான். பார்த்தால் பேசுவான், தேநீர் வாங்கித் தருவான். கை நீட்டி அடித்துக்கொள்கிற பழக்கம் மட்டும் எங்களுக்குள் நின்றுபோயிற்று. நான் அவன் வலது பக்கமாக உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. கேபின் கம்பெனியிலிருந்தே வந்துவிடுகிறது, இன்ஜின் பெட்டி கிடையாது. லாரி டிரைவர்கள் ஏ.சி. போட்டுக்கொண்டு சித்திரையில் சட்டைப் பொத்தான் போட்டு ஓட்டுகிறார்கள். ஈரச் சாக்கு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மஞ்சள் காரைத் தோட்டத்துக்காரர் ஒரே வருஷத்தில் யாருக்கோ தள்ளிவிட்டார். எனக்கும் இப்போது கோபம் வருவதில்லை. வீட்டில் பக்குவம் வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பக்குவம் ஒன்றும் இல்லை. என் கோபம் யாரிடம் செல்லும், யாரிடம் செல்லாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான். அது தெரிந்த பிறகு யாரைப் பார்த்தும் கையை ஓங்குவதற்கு வெட்கமாக இருக்கிறது.

தோட்டத்துக்காரர் போன வருஷம் இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு நானும் போனேன். ஐஸ் பெட்டிக்குள் கை இரண்டையும் மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றேன். மனதுக்குள் அந்த இரண்டு வாக்கியமும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஓடின. அதற்கப்புறம் பலரிடமும் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னேன், சம்பந்தி வீட்டில் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லியாயிற்று. யாரும் என்னை அடிக்கவில்லை. இன்றைக்கு நான் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டிருக்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் போய்விட்டார்.